மீன்தொட்டி: அப்பாவின் கேள்வி, மகனின் விடை

ஆசை ஆசையாய் வாங்கி வந்த தங்கமீன் இரண்டே வாரத்தில் செத்து மிதப்பது பல வீடுகளில் நடந்த கதைதான். தொட்டி புதுசு. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவு. வேளாவேளைக்குச் சாப்பாடும் போட்டாகிவிட்டது. பிறகு ஏன் செத்தது? "தண்ணி ஒத்துக்கலை" என்று வீட்டுப் பெரியவர்கள் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதில் பெரும்பாலும் சரி! ஆனால் தண்ணீரில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது மீன் வளர்ப்பவர்களுக்குப் புரிய நூறு வருடங்களுக்கு மேல் ஆனது.

அந்த நூறு வருடக் கதையில் ஓர் அப்பாவும் மகனும் வருகிறார்கள். இருவரும் லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர்கள். இருவருக்கும் ஒரே பெயர்: ராபர்ட் வாரிங்டன். அப்பா தொட்டியை உருவாக்கினார். அந்தத் தொட்டி ஏன் வேலை செய்தது என்பதற்கான விடையை மகன் கண்டுபிடித்தார். ஆனால் அவர் தேடியது தொட்டியில் அல்ல, வயல் மண்ணில்!

மெழுகுவர்த்தியும் புதினாவும்

கதை இன்னும் கொஞ்சம் முன்னால் தொடங்குகிறது. 1771ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு மூடிய பாத்திரத்துக்குள் மெழுகுவர்த்தியை எரியவிட்டார். அது அணைந்ததும் அதே காற்றில் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். சில நாட்கள் கழித்து அந்தக் காற்றில் மெழுகுவர்த்தி மீண்டும் எரிந்தது. கெட்டுப்போன காற்றைச் செடி சரிசெய்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

1779ல் ஹாலந்து நாட்டு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் ஒரு படி மேலே போனார். இலைகளைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தார். வெயில் பட்டதும் குமிழ்கள் கிளம்பின. அந்தக் குமிழ்களில் இருந்தது ஆக்சிஜன். வெளிச்சம் இல்லாவிட்டால் குமிழ் இல்லை. அதுமட்டுமல்ல, இருட்டில் செடியே காற்றைக் கெடுக்கிறது என்பதையும் அவர் எழுதி வைத்தார். பள்ளி ஆய்வகத்தில் ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் கவிழ்த்து, சோதனைக் குழாயில் குமிழ் பிடித்த ஆய்வு நினைவிருக்கிறதா? அதற்கு மூதாதை இங்கன்ஹவுஸின் இந்த ஆய்வுதான்.

அடுத்த எழுபது ஆண்டுகள் வேதியியலாளர்களின் மனதில் இந்தப் படம் அழுத்தமாகப் பதிந்துபோனது. விலங்கு மூச்சு விடுகிறது, செடி அதைத் தூய்மையாக்குகிறது. உலகமே இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஓடுகிறது. அப்படியானால் உலகத்தைச் சுருக்கி ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்குள் வைத்துக் காட்ட முடியுமா? அப்பா வாரிங்டன் கேட்ட கேள்வி இதுதான்.

அப்பாவின் தொட்டி

அப்பா வாரிங்டன் 1842 முதல் லண்டன் மருந்தாளர் சங்கத்தின் கட்டடத்திலேயே தங்கி, அதன் வேதியியல் கூடத்தை நடத்தி வந்தார். 1841ல் லண்டனில் வேதியியல் சங்கம் உருவாகக் காரணமானவர்களில் அவரும் ஒருவர்.

1849 மே மாதம் சுமார் 12 காலன், அதாவது ஏறத்தாழ 54 லிட்டர் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அடியில் மணல், சேறு, மேலே சில சுண்ணாம்புக் கற்களும் மணற்கற்களும். பாதி அளவுக்குச் சாதாரண ஊற்று நீர். அதில் இரண்டு சிறிய தங்கமீன்கள், ஒரு வாலிஸ்னேரியா செடி. நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்கு உதாரணமாகப் பாடப் புத்தகத்தில் வருகிற அதே வாலிஸ்னேரியாதான்.

முதலில் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகத் தொடங்கின. தண்ணீர் கலங்கியது. கண்ணாடியில் பாசி படர்ந்தது. வேறொருவராக இருந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றியிருப்பார். வாரிங்டன் குளத்தைப் போய்ப் பார்த்தார். குளத்திலும் இலை அழுகுகிறது. ஆனால் குளம் நாறுவதில்லையே, ஏன்? அங்கே நத்தைகள் இருந்தன. ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் தின்றன. நத்தைகள் இட்ட முட்டைகள் மீனுக்கு உணவாயின. தண்ணீர் தெளிந்தது. ஒற்றை வாலிஸ்னேரியா கிளைத்துப் பலவாகப் பெருகியது.

1850ல் இதை வேதியியல் சங்கத்தில் கட்டுரையாக வாசித்தார். மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டால் தண்ணீரை மாற்றாமலே தொட்டி வாழும் என்பதுதான் அதன் சாரம். பிற்காலத்தில் 'சமநிலைத் தொட்டி' என்று மீன் வளர்ப்போர் மந்திரம் போலச் சொன்ன கருத்து இங்கிருந்துதான் பரவியது.

மோகமும் முறிவும்

நேரமும் ஒத்துழைத்தது. இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி 1845ல் நீக்கப்பட்டதால் கண்ணாடி மலிவானது. 1853 மே மாதம் லண்டன் உயிரியல் பூங்காவில் மீன் காட்சிசாலை திறந்தார்கள். 1854ல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய 'அக்வேரியம்' என்ற புத்தகம் அந்தச் சொல்லையே ஊர் முழுக்கப் பரப்பியது. நடுத்தர வர்க்க வீடுகளின் வரவேற்பறைக்குத் தொட்டி வந்து சேர்ந்தது.

ஆனால் 1860களிலேயே அந்த மோகம் வடியத் தொடங்கியது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. பராமரிப்பது சிரமம். புதுப் பொழுதுபோக்குகள் வந்தன. அதோடு, பல வீடுகளில் தொட்டி நாறியது, மீன் செத்தது. கருத்து எளிமையாக இருந்ததுதான் வினை. செடி போட்டால் ஆக்சிஜன் வரும், ஆக்சிஜன் இருந்தால் மீன் வாழும், பிறகென்ன? ஆளாளுக்கு ஒரு கிண்ணத்தில் நாலு மீனையும் ஒரு செடியையும் போட்டுவிட்டுச் சமநிலைக்காகக் காத்திருந்தார்கள்.

லண்டன் வியாபாரி வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு இதை வேறு கோணத்தில் பார்த்தார். 1871ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் திறந்த கடல்நீர்க் காட்சிசாலைக்கு அவர் வகுத்த ஏற்பாட்டில், தொட்டிகளைவிடப் பெரிய ஒரு நீர்த்தேக்கம் இருட்டில் இருந்தது. அங்கிருந்து நீர் இரவு பகலாகச் சுற்றிச் சுற்றி ஓடியது. செடியை நம்பாமல் நீரோட்டத்தை நம்பினார். அது பலித்தது. ஏன் பலித்தது என்று அப்போது யாருக்கும் முழுதாகத் தெரியாது.

மகனின் மண்

அப்பா தொட்டி வைத்தபோது மகன் வாரிங்டனுக்கு வயது பத்து. 1838ல் பிறந்தவர். உடம்பு அவ்வளவாகத் தேறாத பையன் என்பதால் படிப்பெல்லாம் வீட்டில்தான். வேதியியலை அப்பாவின் ஆய்வுக்கூடத்திலேயே கற்றார். பிறகு இங்கிலாந்தின் புகழ்பெற்ற ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அப்பா 1867ல் இறந்துபோனார்.

மகனுக்குப் பிடிபடாத புதிர் உரம் பற்றியது. வயலில் எரு போடுகிறோம். அதிலிருந்து அம்மோனியா வருகிறது. கொஞ்ச நாளில் அம்மோனியா காணாமல் போய், அதற்குப் பதிலாக மண்ணில் நைட்ரேட் இருக்கிறது. மாற்றியது யார்? வெறும் வேதிவினை என்றே பலரும் நினைத்தார்கள்.

1877ல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் ஓர் அருமையான சோதனை செய்தார்கள். நீளமான கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்பையும் நிரப்பி, மேலிருந்து கழிவு நீரை மெதுவாகச் சொட்டவிட்டார்கள். முதல் இருபது நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன்பின் திடீரென்று நைட்ரேட் வரத் தொடங்கியது! குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நைட்ரேட் நின்றது. கொஞ்சம் மண் கரைத்த நீரை ஊற்றினார்கள். சிறிது காலத்தில் மறுபடி வந்தது. ஆக, வேலை செய்தது உயிருள்ள ஏதோ ஒன்று.

மகன் வாரிங்டன் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு ராதம்ஸ்டெட்டில் பல ஆண்டுகள் உழைத்தார். அவர் கண்டவற்றில் மூன்றைச் சொல்ல வேண்டும். ஒன்று, இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது: ஒரு நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது, வேறொன்று நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. இரண்டு, இது இருட்டில் நன்றாக நடக்கிறது, வெளிச்சம் அதைத் தடுக்கிறது. மூன்று, வேலை நடக்க நடக்க அமிலம் சேர்வதால், அதை அடக்கச் சுண்ணாம்பு போன்ற ஒரு காரப்பொருள் வேண்டும். அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுக்கும் பந்தயத்தில் மட்டும் அவர் முந்தவில்லை. 1890ல் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி முந்திக்கொண்டார்.

இப்போது அப்பாவின் தொட்டியைத் திரும்பிப் பாருங்கள். அடியில் குளத்துச் சேறு போன்ற சேறும் மணலும்: நுண்ணுயிர்கள் குடியிருக்க வெளிச்சம் புகாத இடம். சுண்ணாம்புக் கல்: அமிலத்தை அடக்க. இத்தனை நீருக்கு இரண்டே சிறிய மீன்: குறைந்த கழிவு. அப்பா வெற்றிக்குக் காரணம் என்று நினைத்தது ஆக்சிஜனை. ஆனால் தொட்டியைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு அவர் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சேற்றுக்கு இருந்திருக்க வேண்டும். அவரைப் பார்த்துக் கிண்ணம் வைத்தவர்கள் செடியைப் பிரதி எடுத்தார்கள், சேற்றை விட்டுவிட்டார்கள்.

தெளிந்த தண்ணீரில் விஷம்

நன்னீர் மீன்கள் தங்கள் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகின்றன. மிஞ்சிய உணவு அழுகினாலும் அம்மோனியாதான். அதற்கு நிறம் கிடையாது. தண்ணீர் பளிங்காகவே இருக்கும், மீன் மூச்சுத் திணறும். அடுத்து வரும் நைட்ரைட்டும் நிறமற்றதுதான். அது மீனின் இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். தொட்டியில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சடைத்துச் சாகும். கடைசியாக வரும் நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் போதும்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். அம்மோனியம் என்ற வடிவம் அத்தனை கெடுதல் செய்யாது. அம்மோனியா வாயுதான் எமன். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச். அளவு. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நூறில் அரைப் பங்குக்குச் சற்று மேல்தான் விஷ வடிவில் இருக்கும். பி.எச். 8 என்றால் நூறில் ஐந்து பங்கு. பி.எச். 9 என்றால் நூறில் முப்பத்தாறு! அதே தண்ணீர், அதே மீன், அதே அம்மோனியா, பி.எச். ஏறினால் விஷமும் ஏறும்.

செடி இங்கே இரட்டை வேடம் போடுகிறது. பகலில் அது கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பி.எச். ஏறுகிறது. இரவில் அதுவும் சுவாசிப்பதால் பி.எச். இறங்குகிறது. தண்ணீரில் கார்பனேட் உப்புகள் போதுமான அளவு இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கியிருக்கும். வாலிஸ்னேரியாவுக்கு ஒரு கூடுதல் திறமையும் உண்டு: கரியமில வாயு தீர்ந்துபோனால் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். சுண்ணாம்புக் கற்கள் கிடந்த அப்பா வாரிங்டனின் தொட்டியில் அது செழித்ததில் வியப்பில்லை.

நூறாவது ஆண்டில் ஒரு மறுப்பு

உழவர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட உண்மை வேளாண்மை இதழ்களிலேயே தங்கிவிட்டது. மீன் வளர்ப்பவர்கள் சமநிலை மந்திரத்தையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரை மாற்றாமல் வைத்திருப்பதைப் பெருமையாகவும் பேசினார்கள்.

1949ல், அதாவது அப்பா தொட்டி வைத்துச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, அமெரிக்க மீனியல் அறிஞர் ஜேம்ஸ் ஆட்ஸ் 'சமநிலைத் தொட்டி என்பது ஒரு கட்டுக்கதை' என்று எழுதினார். தொட்டிக்கு ஆக்சிஜன் முக்கியமாக நீர்ப்பரப்பின் வழியே காற்றிலிருந்து வருகிறது, செடியிலிருந்து அல்ல என்பது அவர் வாதம். கணக்கும் அதற்கு ஒத்துப்போகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றில் அதைப் போல் முப்பது மடங்குக்கு மேல் இருக்கிறது. எனவே வாய் குறுகிய உருண்டைக் கிண்ணத்தைவிட, அகலமான தொட்டி மீனுக்கு நல்லது. செடியோ இரவில் ஆக்சிஜனைத் தானும் எடுத்துக்கொள்கிறது. இது 1779லேயே இங்கன்ஹவுஸ் சொன்னதுதானே!

ஆட்ஸ் சொன்னது சரி. ஆனால் ஊசல் மறுகோடிக்குப் போனது. செடி வெறும் அலங்காரம், பிளாஸ்டிக் செடியும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவியது. 1950களுக்குப் பிறகு கூழாங்கல்லுக்கு அடியில் வைக்கும் வடிகட்டி பிரபலமானது. அழுக்கைப் பிடிக்கிற சல்லடை என்றே பலரும் அதை நினைத்தார்கள். உண்மையில் அது ஷ்லோசிங், மூன்ட்ஸ் குழாயின் பேரன். 1970ல் ஸ்டீபன் ஸ்பாட் மூடிய தொட்டிகளின் நீர் மேலாண்மை பற்றி எழுதிய புத்தகத்தில், வடிகட்டியில் வேலை செய்வது நைட்ரேட் ஆக்கும் நுண்ணுயிர்கள்தான் என்பதை விரிவாக விளக்கினார். மகனின் மண் கடைசியில் அப்பாவின் தொட்டிக்கு வந்து சேர்ந்தது!

செடி திரும்பி வந்தது

செடியின் கதை அதோடு முடியவில்லை. ஜப்பானின் தகாஷி அமானோ, முன்னாள் சைக்கிள் பந்தய வீரர், புகைப்படக் கலைஞர். கரியமில வாயுவைத் தொட்டிக்குள் செலுத்தி, நல்ல வெளிச்சம் கொடுத்து, தண்ணீருக்கடியில் புல்வெளியும் காடும் வளர்த்துக் காட்டினார். 1992ல் வந்த அவருடைய புத்தகம் உலகம் முழுக்கப் பலரைச் செடித் தொட்டிக்கு இழுத்தது. 2015ல் அவர் மறைந்தார்.

1999ல் அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் இன்னும் எளிய வழியைப் புத்தகமாக எழுதினார். கூழாங்கல்லுக்கு அடியில் சாதாரணத் தோட்ட மண், நிறையச் செடிகள், அளவான மீன்கள். அவர் வலியுறுத்திய செய்தி ஒன்று மிக முக்கியமானது: பல நீர்த்தாவரங்கள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே விரும்பி எடுத்துக்கொள்கின்றன. நுண்ணுயிருக்கு முன்பே செடி விஷத்தைத் தின்றுவிடுகிறது! ஆக, அப்பா சொன்னதும் சரிதான். செடி மீனைக் காக்கிறது. ஆனால் அவர் நினைத்ததுபோல ஆக்சிஜன் கொடுத்து மட்டுமல்ல, அம்மோனியாவை எடுத்தும்.

மகனின் விடைக்கும் திருத்தம் வந்தது. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று நெடுங்காலம் புத்தகங்களில் எழுதி வந்தார்கள். 1998ல் டிமோத்தி ஹோவனெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளை மரபணு முறையில் ஆராய்ந்து, அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று காட்டினார்கள். 2015ல் இன்னொரு அதிர்ச்சி. நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் இரண்டு கட்டங்களையும் தனி ஆளாகவே முடித்துவிடுகின்றன என்று இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. அதில் ஒரு குழுவுக்கு அந்த நுண்ணுயிர் கிடைத்த இடம் எது தெரியுமா? மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டி!

வீட்டுத் தொட்டிக்கு என்ன பாடம்?

இனி அந்தச் செத்த தங்கமீனுக்கு வருவோம். புதுத் தொட்டியில் நுண்ணுயிர்கள் போதுமான அளவு இருப்பதில்லை. 1877ல் அந்தக் குழாய் சும்மா இருந்த இருபது நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தொட்டிக்கும் மூன்று முதல் ஆறு வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில் ஏழெட்டு மீனை ஒரே நாளில் கொண்டுவந்து விட்டால் அவை தங்கள் கழிவிலேயே மூழ்கிச் சாகும்.

முதல் நாளிலிருந்தே வேகமாக வளரும் செடிகளை நடுவது நல்லது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் பாக்கியம். நுண்ணுயிர் அதோடு வந்துவிடும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனைத் திரவம் காட்டிய பிறகு மீனை ஒன்றிரண்டாக விடலாம். வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவுவது, குழாய்க்குள் குளோரோஃபார்ம் விட்ட மாதிரி. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே லேசாக அலசினால் போதும். பிடிவாதமாக ஒரே தண்ணீரை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கவும் வேண்டாம், மொத்தமாகக் கொட்டித் தேய்த்துக் கழுவவும் வேண்டாம்.

கழுவித் துடைத்த தொட்டி கண்ணுக்குத்தான் சுத்தம். மீனுக்கு வேண்டியது வேறு சுத்தம். மருந்தாளர் சங்கக் கட்டடத்தில் அந்தப் பத்து வயதுப் பையன் அப்பாவின் தங்கமீன்களை எத்தனை முறை வேடிக்கை பார்த்திருப்பானோ! அவன் வளர்ந்து தேடப் போகிற விடை அந்த மீன்களுக்குக் கீழே, சேற்றில், அப்போதே வேலை செய்துகொண்டிருந்தது.